அந்த வீட்டில் ‘போ’ என்றால்

பெரியவன்,

நீ வருகிற கிழமை பலெர்மோவுக்குப் போகிறாய் என்று அப்பாதான் சொன்னார். ரெலிவிஷனில் கண்ணை வைத்துக்கொண்டு, வீட்டில் பால் முடிந்துவிட்டது என்று சொல்வதைப்போலச் சொன்னார். “இஞ்சேரப்பா, பெரியவன் இத்தாலிக்குப் போறானாம். சின்னவன் இருந்த அந்தச் சீனியோரா வீட்டிலதான் நிக்கப்போறானாம்.” நான் அடுப்பில் கறியை வைத்துவிட்டு அப்படியே நின்றேன், கறி அடிப்பிடித்தது. உன்னிடம் கேட்கலாம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நீ லொங்குய்யிலிருந்து மெட்ரோ ஏறி வருகிறாய், அப்பாவின் மருந்துக் குளிசைப் பெட்டியை நிரப்புகிறாய், அவரோடு இருந்து ஹொக்கி பார்க்கிறாய், நான் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தால் “மெர்சி” என்கிறாய். பெற்ற தாய்க்கு, மூலைத் தெப்பனர் கடைக்காரிக்குச் சொல்வதைப்போல ஒரு மெர்சி. கதைக்கத் தெரிந்தும் கதைக்காத பிள்ளைக்கு எழுதத்தான் வேண்டும். சனிக்கிழமைகளில் பனிக்குள்ளால் உன்னை இழுத்துக்கொண்டு தமிழ் வகுப்புக்குப் போனதற்கு இன்றைக்காவது ஒரு பிரயோசனம் வரட்டும்.

நீ ஏன் என்னோடு கதைப்பதில்லை என்று எனக்குத் தெரியும். பலெர்மோ ஆஸ்பத்திரியில் உன் தம்பி கஜன் கிடந்த கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நான் ‘போ’ என்று சொன்னதை நீ ரெலிபோனில் கேட்டாய். “நீங்கள்தான் அவனைப் போகச் சொன்னனீங்கள்” என்று கத்தினாய். அதன்பிறகு உன் தம்பி பெட்டிக்குள் வந்து இறங்கியபோதும், நெருப்பு வைத்தபோதும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியிலும் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். உன் மனம் கல்லில்லை. கல்லென்றால் அப்பாவின் குளிசையை நீ இவ்வளவு கவனமாக எண்ணிப் போடமாட்டாய். ஆனால் நீ அந்த வீட்டுக்குப் போனால் அந்தச் சொல்லை அங்கே ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது கேட்கப்போகிறாய். அப்போது குசினி நடுவில் விறைத்துப்போய் நிற்காமல் இருக்கத்தான் இப்போது எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்க எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே.

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இருந்த மரியாதை உனக்குத் தெரியும். மொன்ட்ரியால்-நோரில் அந்த மூன்றாம் மாடி வீட்டில் இருந்த காலத்தில், பள்ளிக்கூடப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு “அம்மா, போறன்” என்று நீங்கள் யாராவது கத்தினால், நான் கதவை மறித்துக்கொண்டு நிற்பேன். “போறன் எண்டு சொல்லாத. போட்டு வாறன் எண்டு சொல்லு.” நீ உடனே சொல்லிவிடுவாய். கஜன் விடமாட்டான். “போறன், போறன், போறன்” என்று படியெல்லாம் பாடிக்கொண்டு இறங்கி, கீழ்க் கதவடியில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்து, “சரி, சரி, போட்டு வாறன்” என்பான். பழைய கட்டடங்களைத் திருத்துகிற படிப்புக்கென்று அரையாண்டு இத்தாலியில் இருக்கப் போனானே, அன்றைக்கு டோர்வல் எயாப்போட்டில், நான் இத்தனை வருஷம் விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற கிச்சனுக்குக் கூப்பிடு தூரத்தில் நின்று, அவன் விளையாட்டு ஒன்றும் விடாமல் முதல் தரமே “போட்டு வாறன் அம்மா” என்றான். பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்று நானும் சந்தோஷப்பட்டேன். அந்தமுறைதான் சரியாகச் சொன்னான். என்ன பலன் கண்டோம், சொல் பார்ப்போம்.

சீனியோரா கொன்செத்தா எனக்கு ரெலிபோன் எடுத்த அந்தக் காலை உனக்கு நினைவிருக்கும். “மம்மா? மம்மா தி கயான்?” என்று ஒரு பொம்பிளை அழுகிறார். கயான் என்று எனக்கு ஒரு பிள்ளை இல்லையே என்று நான் வைக்கப் பார்த்தேன். அவர்கள் வாயில் கஜன் கயான்தான். அவர்களுடைய வீட்டில்தான் அவன் அறை எடுத்து இருந்தான் என்பதும், வீதியைக் கடக்கும்போது ஸ்கூட்டர் அடித்துத் தலை கல்லில் பட்டதும் எனக்கு விளங்க அவர் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. அப்பாவுக்கு நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்திருந்த கிழமை அது. ஒருத்தர் போகவேணும், ஒருத்தர் நிற்கவேணும். நான் போகிறேன் என்றேன், நீ நின்றாய். விமானத்தில் எனக்கு முன்னால் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். மூடியைத் திறந்து, கரண்டி சரியான பக்கத்தில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். கை பழகிவிட்டது. தொடாமல் திருப்பிக் கொடுத்தேன்.

அந்த வீட்டைப்பற்றிச் சொல்கிறேன், கேள். லிப்ட் அலுமாரி அளவுதான், நீயும் உன் பெட்டியும் ஒன்றாக ஏற ஏலாது. சீனியோராவின் மனுஷன் நீனோ கதைக்கமாட்டார், காலையில் கோப்பி மட்டும் போட்டுத் தருவார், அதைக் குடிக்காவிட்டால் அவருக்கு மனம் நோகும். பாணை மேசையில் கவிழ்த்து வைக்காதே. தெரியாமல் நான் வைத்தேன், சீனியோரா ஓடிவந்து நிமிர்த்தி, முத்தம் கொடுத்து வைத்தார். அங்கே கவிழ்த்த பாண் ஆகாது. எனக்கு ஆகாதது வேறொன்று. பலெர்மோவில் பாணுக்கு மேலே எள்ளுத் தூவியிருப்பார்கள். எள்ளுப்பாகு தின்னாமல் வளர்ந்தவளில்லை நான். ஆனாலும் பிள்ளை மூக்கில் குழாயோடு கிடக்கிறபோது, விடிந்ததும் எனக்கு முன்னால் எள்ளை வைத்தால் எப்படி இருக்கும்? ஒவ்வொரு எள்ளாக நகத்தால் கிளறி எடுத்துக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒதுக்கினேன். சீனியோரா பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த நாள் தொடக்கம் எள்ளில்லாத பாண் வந்தது. எங்கே தேடி வாங்கினாரோ தெரியாது.

ஆஸ்பத்திரியில் மத்தியானம் ஒரு மணித்தியாலமும் பின்னேரம் ஒரு மணித்தியாலமும்தான் உள்ளே விடுவார்கள். மிச்ச நேரத்தை என்ன செய்வது? முதல் நாள் மத்தியானம் அவனைப் பார்த்துவிட்டு வந்து குசினிக் கதிரையில் இருந்தேன். சீனியோரா சூப் வைத்தார். எனக்கு இத்தாலியன் தெரியாது, என்னுடைய கிச்சன் பிரெஞ்சு அவருக்கு அரைகுறை. இரண்டு கையையும் கன்னத்தில் சேர்த்து வைத்து நித்திரை என்று காட்டினேன். பிறகு கண்ணை அகல விரித்துக் காட்டினேன். எழும்புவானோ என்று கேட்டேன். சீனியோரா தோள் இரண்டையும் காதுவரைக்கும் தூக்கி, வாயைக் கோணிக்கொண்டு, “போ” என்றார்.

போ! எனக்கு வேறென்ன விளங்கும்? என் பிள்ளையை வைத்து வாடகை வாங்கியவள், பிள்ளை விழுந்ததும் தாயைப் போ என்கிறாள் என்று தலைக்கு ஏறிவிட்டது. என் கோபம் உனக்குத் தெரியும்தானே, உனக்கும் அதுதான் வந்திருக்கிறது. கைப்பையை எடுத்தேன், சப்பாத்தைக்கூட ஒழுங்காகப் போடவில்லை, “ஆரடி நீ என்னைப் போகச் சொல்ல” என்று தமிழில் பேசிக்கொண்டு படியிறங்கினேன். அப்படித்தான் நான் பலெர்மோவைப் பார்க்கத் தொடங்கினேன். ஒரு ஒடுங்கிய ஒழுங்கை இன்னொரு ஒழுங்கைக்குள் போய் முடிந்தது. தலைக்கு மேலே துணி காய்ந்தது. சந்தை ஒன்றுக்குள் வந்து விழுந்தேன், பலாரோ என்று பெயர். மீன்காரர்கள் தேவாரம் படிப்பதைப்போல ராகம் இழுத்துக் கத்துகிறார்கள். ஒரு வாள்மீனின் தலையை அதன் வாள்மூக்கோடு நட்டு நிறுத்தியிருந்தார்கள். அதன் கண் திறந்திருந்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு வீட்டு விலாசமும் தெரியாது, ஆஸ்பத்திரியின் பெயரும் தெரியாது என்பது உறைத்தது. பின்னேரப் பார்வை நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை தனியக் கிடக்கப்போகிறான் என்று நடுச்சந்தையில் நின்று அழுதேன்.

“ஓமோம், பேந்து எடுக்கிறன், வையுங்கோ.” பக்கத்தில் தக்காளி தெரிந்தெடுத்துக்கொண்டு நின்ற ஒரு பொம்பிளை ரெலிபோனில் சொன்னாள். பாய்ந்து அவளுடைய கையைப் பிடித்துவிட்டேன். ஸ்டெல்லா என்று பெயர், மன்னார்க்காரி, வயதுபோன ஒருவரை வீட்டில் வைத்துப் பார்க்கிற வேலை. “அக்கா, அழாதேங்கோ. என்ன நடந்தது, சொல்லுங்கோ” என்றாள். வீட்டுக்காரி என்னைப் போகச் சொல்லிவிட்டாள் என்றேன். “என்னெண்டு சொன்னவ?” நான் தோளைத் தூக்கி, வாயைக் கோணிக் காட்டினேன். ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஐயோ அக்கா, அது எங்கட போ இல்லை. தெரியாது எண்டதை இவையள் அப்பிடித்தான் சொல்லுறவை. மழை வருமோ எண்டு கேட்டாலும் போ, பஸ் எப்ப வரும் எண்டு கேட்டாலும் போ. நானும் வந்த புதுசில வேலை வீட்டுக் கிழவியோட இதுக்குக் கோவிச்சுக்கொண்டு வெளிக்கிட்டனான்.”

அவள் இரண்டு மூன்று பேரிடம் விசாரித்து என்னை ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து விட்டாள். அங்கே சீனியோரா வீட்டுச் செருப்போடு நின்றார். தலைமயிர் அவிழ்ந்து கிடந்தது. என்னைக் கண்டதும் தன் நெற்றியில் அடித்துக்கொண்டு, சத்தம் போட்டு ஏசி, பிறகு எலும்பு நோகக் கட்டிப்பிடித்தார். அந்த ஏச்சில் ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை, ஆனால் என் தாய் உயிரோடிருந்தால் அதைத்தான் ஏசியிருப்பா.

அன்றைக்குப் பிறகு, ராசா, அந்தச் சொல் எனக்கு மருந்து மாதிரி. தெரியாது என்றால் எழும்பவும் கூடும்தானே? ஒவ்வொரு நாள் பின்னேரமும் நான் கன்னத்தில் கையை வைத்து, கண்ணை விரித்துக் கேட்பேன். சீனியோரா தோளைத் தூக்கி “போ” என்பார். அதைக் கேட்டபிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கும். இடைப்பட்ட நேரங்களில் அவர் என் கையைக் கோர்த்துக்கொண்டு, கஜன் நடந்த இடங்களையெல்லாம் காட்டினார். கூரை இல்லாத ஒரு பெரிய தேவாலயம் இருக்கிறது, உள்ளே மரம் வளர்ந்து நிற்கிறது. அதைப்பற்றி அவன் எனக்கு ரெலிபோனில் சொன்னபோது, “கூரையில்லாத கோயிலைப் பார்க்கவோ அவ்வளவு தூரம் போனனி?” என்று நக்கல் அடித்தேன். “வந்து பாருங்கோ அம்மா, பேந்து கதையுங்கோ” என்றான். போய்ப் பார்த்தேன். நீயும் போய்ப் பார். காலமையில் போய் நடுவில் நின்று மேலே பார். நான் அங்கே நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டு, அவன் எழும்பினால் சொல்லவேணும், நீ சொன்னது சரிதான் என்று, என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவனை அடித்த சந்தி வீட்டிலிருந்து தூரமில்லை. சீனியோரா அந்த வழியால் என்னைக் கூட்டிக்கொண்டு போகவே மாட்டார், சுற்றித்தான் போவார். ஒரு நாள் நான் தனியப் போனேன். ஒன்றுமில்லை அங்கே. ஒருத்தன் எலுமிச்சம்பழம் விற்றுக்கொண்டு நின்றான். நீ அந்த ஊரில் வீதி கடக்கும்போது விளக்கை நம்பாதே, ஆட்களின் முகத்தைப் பார்த்து நட. கஜன் மொன்ட்ரியால் பிள்ளை. விளக்கில் நடக்கிற மனிதன் தெரிந்தால் வாகனம் நிற்கும் என்று நம்பி வளர்ந்தவன். அப்படி நம்பி வளரட்டும் என்றுதானே நாங்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தோம். ஸ்டெல்லா என்னை மலையில் இருக்கிற புனிதையின் குகைக்கும் கூட்டிக்கொண்டு போனாள். எங்கள் ஆட்கள், வேதக்காரர் சைவக்காரர் எல்லாரும், செருப்பில்லாமல் ஏறுகிறார்கள். நானும் ஏறி நேர்த்தி வைத்தேன். வைத்தது வைத்ததுதான். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கடைசி நாள் மத்தியானம் டொக்டர் எங்களை ஒரு சின்ன அறைக்குள் கூப்பிட்டார். பிரெஞ்சு தெரிந்த பொம்பிளை டொக்டர், நல்ல மனுஷி, என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். மூளை செத்துவிட்டது, மிசின்தான் மூச்சு விடுகிறது, அதைப் பின்னேரம் நிற்பாட்டவேணும் என்றார். நான் விளங்காதவள்போல இருந்தேன். “செ ஃபினி, மதாம்” என்றார். டோர்வல் கிச்சனில் வேலை முடிகிற நேரம் சுப்பவைசர் சொல்கிற அதே சொல். நான் சீனியோராவின் பக்கம் திரும்பினேன். இரண்டு கையையும் கன்னத்தில் வைத்தேன், கண்ணை விரித்தேன். சொல்லு அம்மா, அந்தச் சொல்லைச் சொல்லு, தோளைத் தூக்கு என்று மனதுக்குள் கும்பிட்டேன். அவர் சொல்லவில்லை. கன்னத்திலிருந்த என் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு என் பிள்ளை போய்விட்டான் என்று தெரிந்தது.

பிறகு என்னை அவனுக்குப் பக்கத்தில் நிற்கவிட்டார்கள். அவன் கால் சூடாக இருந்தது. தாடி வளர்ந்திருந்தது, நெஞ்சு ஏறி இறங்கியது, பார்க்கிறவன் நித்திரை என்றுதான் சொல்வான். அந்த நேரம் நீ ரெலிபோன் எடுத்தாய். அப்பாவின் ஆஸ்பத்திரி நடையிலிருந்து எடுத்தாய், பின்னால் சக்கரக் கட்டில் உருள்கிற சத்தம் கேட்டது. என்ன கேட்டாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? நான் மறக்கவில்லை. “அம்மா, அவன் எழும்புவான்தானே?” என்று கேட்டாய். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா ஒரு கட்டிலில், தம்பி ஒரு கட்டிலில், நீ நடுவில் தனிய நிற்கிறாய் என்பது எனக்குத் தெரியும். அந்த வீட்டில் நாள்தோறும் கேட்டுக் கேட்டு என் வாயில் ஊறிப்போயிருந்த சொல்தான் வெளியே வந்தது. “போ” என்றேன். நீ கத்தினாய். வைத்துவிட்டாய்.

இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று கேட்பாய். உனக்குச் சொன்ன பதில்தான் அது என்று நான் சொன்னால், டொக்டர் முடிந்தது என்று சொன்னபிறகு ஏன் என்னிடம் தெரியாது என்று பொய் சொன்னீர்கள் என்று நீ அடுத்ததாகக் கேட்பாய். அதற்கும் ஒரு பதில் சொல்லிவிடுவேன். ஆனால் அதுமட்டுமில்லை. ரெலிபோன் என் காதில் இருந்தது, என் முகம் அவன் பக்கம் இருந்தது. இத்தனை நாளும் மிசினோடு இழுபட்டுக் களைத்துப்போன முகம். பிள்ளை என் அனுமதிக்குத்தான் வாசலில் நிற்கிறானோ என்று அந்த ஒரு கணம் எனக்குத் தோன்றாமல் இல்லை. என் சீவியத்தில் யாரையும் பார்த்து அந்தச் சொல்லைத் தனியே சொன்னதில்லை, சண்டைக்குக்கூடச் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னது எந்த மொழியில் என்று படுக்கும்போதெல்லாம் என்னையே கேட்கிறேன். உனக்குப் பொய் சொல்லி ஒப்பேற்ற எனக்கு மனமில்லை, அதனால்தான் வாயை மூடிக்கொண்டு உன்னுடைய மெர்சியை வாங்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் சீனியோரா வழக்கம்போல எள்ளில்லாத பாணைக் கொண்டுவந்து வைத்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டி, நீனோவின் தட்டிலிருந்த எள்ளுப் பாணைக் காட்டினேன். எள்ளும் தண்ணியும் இறைக்க அங்கே அப்பா இல்லை, நீயும் இல்லை. பாணைத் தின்று, ஒரு கிளாஸ் தண்ணீரைக் குடித்தேன். என்னால் அன்றைக்கு அவனுக்குச் செய்ய முடிந்தது அதுதான். உனக்கும் அவர் எள்ளில்லாத பாண்தான் வைப்பார், எங்கள் ஆட்கள் அதைத் தின்னமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பார். எள்ளுப் பாணே தரச்சொல்லிக் கேள்.

அவன் அறையில்தான் உன்னைப் படுக்கவிடுவார். நீ ஸ்டெல்லாவைக் கூட்டிவைத்துக்கொண்டோ, கையைக் காலைக் காட்டியோ, அம்மா அவனைப் போகச் சொன்னாவோ என்று கேட்கத்தான் போகிறாய். கேள். அதற்குத்தான் நீ போகிறாய் என்று எனக்குத் தெரியாமலில்லை. சீனியோரா தோளைத் தூக்கி, வாயைக் கோணி, அந்தச் சொல்லைச் சொல்வார். என்னைப்போலக் கைப்பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிடாதே. அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அந்தக் குசினியில் இருந்து சூப்பைக் குடி.

உன்னை ஏற்றிவிட டோர்வலுக்கு வரட்டோ என்று அப்பா கேட்டாராம், நீ வேண்டாம் என்றாயாம். சரி, வரவில்லை. வாசலில் நின்று சொல்லவேண்டியதை இதிலேயே சொல்லிவிடுகிறேன். நீ திருப்பிச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

போட்டு வா, ராசா.

அம்மா